நாலரைக்கே இருட்டும் வீட்டுக்கு எந்த விளக்கு?

கேள்வி: ஸ்காபரோவில் எட்டாவது மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். வரவேற்பறைக் கூரையில் விளக்கே இல்லை. மூலையில் ஓர் உயர விளக்கு வைத்து, பெட்டியில் ‘டேலைட்’ என்று எழுதிய இரண்டு பல்புகளைப் போட்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கும் அம்மா, “ஆஸ்பத்திரி விறாந்தை மாதிரி இருக்கிறது, ஆனால் வெளிச்சமும் காணாது” என்கிறார். தெரிந்தவர் ஒருவர் 1,200 டாலருக்கு ஆறு பாட் லைட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார். போடலாமா? இல்லையென்றால், இலையுதிர்கால மாலைகளில் வீடு கதகதப்பாகத் தெரிய எப்படிப்பட்ட விளக்கும் ஷேடும் வாங்கலாம்?

பதில்: போட வேண்டாம். அந்தத் தெரிந்தவருக்கு இன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

உங்கள் கூரை மேல்வீட்டுக்காரரின் தரை. பெரும்பாலும் திடமான கான்கிரீட். பாட் லைட் பதிக்க அதற்குள் இடமே இருக்காது. பொய்க்கூரை இறக்க வேண்டும். வாடகை வீட்டில் உரிமையாளரைக் கேட்காமல் அதில் ஓர் ஆணிகூட அடிக்க முடியாது. பிடிவாதமாக அவர் வந்து நின்றால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் உரிம எண் என்ன?” ஒன்ராறியோவில் மின்வேலை எடுத்துச் செய்பவருக்கு மின் பாதுகாப்பு ஆணையம் தரும் ஏழு இலக்க எண் இருக்க வேண்டும். அது 70 என்று தொடங்கும். “எனக்கு அனுபவம் இருக்கிறது”, “உங்கள் மாமாவைக் கேளுங்கள்” என்பதெல்லாம் எண் ஆகாது. நம்மவர் என்ற ஒரே காரணத்துக்காகக் கதவைத் திறந்துவிட்டு, பிறகு என்னைக் கூப்பிட்டவர்கள் ஏராளம். வேலை பார்த்தவரின் தொலைபேசி அதற்குள் அணைந்திருக்கும்.

கூரையில் ஏன் விளக்கு இல்லை? சுவரில் உள்ள சுவிட்சால் இயங்கும் ஒரு பிளக் பாயிண்ட் இருந்தால் வரவேற்பறைக்குக் கூரை விளக்குத் தேவையில்லை என்று கட்டட விதி சொல்கிறது. கட்டியவருக்குச் செலவு மிச்சம். குடிவருபவரிடம் அதை யாரும் சொல்வதில்லை. வாடகை ஒப்பந்தத்தின் அத்தனை பக்கங்களிலும் அதற்கு ஒரு வரி கிடைக்காது. உங்கள் வாசல் பக்கத்தில் எதையும் எரிய வைக்காத சுவிட்ச் ஒன்று இருக்கிறதா? பழுது என்று நினைத்திருப்பீர்கள். ஒரு சின்ன விளக்கை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு பிளக் பாயிண்டிலும் மேல் துளை, கீழ்த் துளை இரண்டிலும் செருகி, அந்தச் சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் ஒரு பாதி மட்டும்தான் சுவிட்சுக்குக் கட்டுப்படும். அதில் உயர விளக்கைச் செருகிவிட்டால் உங்கள் கூரை விளக்குப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

அந்தச் சுவிட்சை, ஒளியை மங்கலாக்கும் டிம்மராக மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிளக் பாயிண்டை டிம்மரில் இணைப்பது விதிக்குப் புறம்பு. நாளைக்கே அதில் யாராவது தூசி உறிஞ்சியைச் செருகுவார்கள். மங்கல் வேண்டுமானால் விளக்கின் கம்பியிலேயே செருகும் சிறிய டிம்மர் கிடைக்கிறது. அதற்கேற்ற பல்பாகப் பார்த்து வாங்க வேண்டும்.

இப்போது பல்பு. ஒளியின் நிறத்தைக் கெல்வினில் அளப்பார்கள்; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும். ‘டேலைட்’ என்பது 5000 கெல்வின் அளவில் நீலம் கலந்த வெள்ளை. நம் ஊரில் ட்யூப் லைட் வெள்ளைதான் வெளிச்சம் என்று பழகிவிட்டோம். ஆனால் அந்த வெள்ளை நிறைய இருந்தால்தான் பகல் போலத் தெரியும். கொஞ்சமாக இருந்தால் மழை மூட்டம். அம்மா சொன்ன இரண்டு குறைகளுக்கும் இதுவே காரணம். பெட்டியின் பின்பக்கம் 2700 கெல்வின் என்று சிறிய எழுத்தில் இருப்பதை எடுங்கள். பெரிய எழுத்தை நம்பாதீர்கள். ‘60 வாட்’ என்று முகப்பில் கத்தும் பல்பு உண்மையில் 9 வாட்தான் எடுக்கும். 60 வாட் குண்டு பல்பை 2014 முடிவோடு நிறுத்தியாயிற்று. இன்றும் அதன் பெயரில்தான் விற்கிறார்கள்! நீங்கள் பார்க்க வேண்டியது லூமன், அதாவது பல்பு தரும் வெளிச்சத்தின் அளவு. உயர விளக்குக்கு 800, மற்ற இரண்டுக்கும் 450 போதும்.

ஆம், மூன்று விளக்குகள். ஒரே விளக்கை எவ்வளவு பிரகாசமாக்கினாலும் மற்ற மூலைகள் கறுத்தே நிற்கும். ஒன்று சோபாவின் பக்கத்தில், ஒன்று டிவியின் அருகில், ஒன்று எதிர் மூலையில். மூன்றும் மாலையில் ஆறு மணி நேரம் எரிந்தாலும் மாதம் 5 யூனிட்டைத் தாண்டாது.

ஷேட் வெளிர் நிறத் துணியாக, மேலும் கீழும் திறந்ததாக இருக்கட்டும். மேல்வாய் வழியாக ஒளி வெள்ளைக் கூரையில் பட்டுத் திரும்பும். கறுப்பு ஷேட் கடையில் அழகாக இருக்கும்; வீட்டில் மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், நடுவில் இருள். சிவப்பு ஷேட் எல்லார் முகத்தையும் கோபமாக்கும். சோபாவில் உட்கார்ந்தால் ஷேடின் கீழ்விளிம்பு உங்கள் கண் மட்டத்தில் இருக்க வேண்டும். பல்பு கண்ணில் பட்டால் அந்த விளக்கு தோல்விதான்.

இணையத்தில் 25 டாலருக்கு வரும் விளக்குகளைப் பற்றிச் சொல்லாமல் விட மாட்டேன். அடிப்பாகத்தைத் திருப்பிப் பாருங்கள். பாதுகாப்புச் சோதனையில் தேறியதைக் காட்டும் சிஎஸ்ஏ முத்திரையோ, யூஎல் அல்லது ஈடிஎல் முத்திரை வட்டத்தின் இடப்பக்கம் சிறிய ‘சி’ எழுத்தோ இருக்க வேண்டும். ஐரோப்பிய முத்திரையான ‘சிஇ’ மட்டும் இருந்தால் கனடாவில் அது செல்லாது. முத்திரை இல்லாததை இங்கே விற்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. விற்றுக்கொண்டேதான் இருக்கிறார்கள், நாமும் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறோம். ஒரு நிலவறை வீட்டில் காகித ஷேட் ஒன்றைக் கழற்றினேன். உள்ளே இரண்டு டாலர் நாணயம் அளவுக்குப் பழுப்பு வட்டம். விரல் பட்டதும் அப்பளம் போல உடைந்தது. விளக்கு 40 வாட்டுக்கானது, உள்ளே எரிந்தது 100 வாட் ஹாலஜன். மேலே தொட்டிலில் குழந்தை.

அம்மாவின் நாற்காலிக்கு மட்டும் மேலே சொன்ன கணக்கு ஒத்துவராது. வயதான கண்ணுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். மருந்துச் சீட்டின் எழுத்து, ஊசியின் காது இரண்டும் 450 லூமனில் தெரியாது. கழுத்து வளையும் வாசிப்பு விளக்கு ஒன்றை அவர் தோளுக்குப் பின்னால், வலக்கைக்காரர் என்றால் இடப்பக்கம் வையுங்கள். எழுதும்போது கையின் நிழல் தாளில் விழாது. பல்பு 800 லூமன். நிறம் 3000 கெல்வின் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம். நிறங்களை உள்ளபடி காட்டும் திறனின் அளவான சிஆர்ஐ 90க்கு மேல் என்று இருந்தால் நீல மாத்திரையும் பச்சை மாத்திரையும் குழம்பாது. சுவிட்ச் உட்கார்ந்தபடியே கைக்கு எட்ட வேண்டும். எழுந்து தரையில் தடவித் தேட வைக்காதீர்கள். விளக்கின் கம்பியைக் கம்பளத்துக்கு அடியில் ஓட்டாதீர்கள், நடைபாதையின் குறுக்கேயும் விடாதீர்கள். இவற்றை முதலில் செய்யுங்கள், ஷேடின் நிறத்தைப் பிறகு பேசலாம்.

நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் வைத்ததும் ஐந்து மணிக்குச் சூரியன் போய்விடும். டிசம்பரில் நாலே முக்காலுக்கு முன்பே. மேகமூட்ட நாளில் நாலரைக்கே விளக்கு வேண்டும். உயர விளக்கைச் சுவிட்சில் விட்டுவிட்டு, மற்ற இரண்டில் ஒன்றுக்கு ஒரு டைமர் வாங்கி நாலேகாலுக்கு வையுங்கள். நீங்கள் வேலையிலிருந்து வரும்வரை அம்மா இருட்டில் இருக்க வேண்டியதில்லை.

அந்த இரண்டு டேலைட் பல்புகளையும் எறிய வேண்டாம். உடுப்பு அலமாரிப் பக்கம் ஒன்றைப் போடுங்கள். கறுப்புக் காலுறைக்கும் கருநீலக் காலுறைக்கும் வித்தியாசம் தெரியும்.