மேட்டுக்கு ஏற்றத்தான் ஏடிபி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: செல் சவ்வில் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்பு ஒரு சுற்றில் 2 சோடியத்தை வெளியேற்றி 3 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கிறது, சரிதானே?

பதில்: தலைகீழ். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி ஒன்றுக்கு 3 சோடியம் வெளியே, 2 பொட்டாசியம் உள்ளே. செல்லுக்கு வெளியே சோடியம் லிட்டருக்கு 145 மில்லிமோல், உள்ளே பத்துப் பன்னிரண்டுதான். இந்த வித்தியாசத்தைக் காப்பாற்றவே, சும்மா உட்கார்ந்திருக்கும்போதுகூட நம் ஏடிபியில் ஏறக்குறைய கால் பங்கு போகிறது.

கேள்வி: சிவப்பணுவுக்குள் குளுக்கோஸ் போக ஒரு புரதம் உதவுகிறது. அப்படியானால் அதுவும் செயல்மிகு கடத்தல்தானே?

பதில்: இல்லை. புரதம் இருந்தாலே ஆற்றல் செலவு என்று யார் சொன்னது? திசையைப் பாருங்கள். ஆற்றல் செலவழித்துச் செறிவு குறைவான பக்கத்திலிருந்து அதிகமான பக்கத்துக்கு, அதாவது மேட்டுக்கு, ஏற்றுவதுதான் செயல்மிகு கடத்தல். இங்கே குளுக்கோஸ் செறிவு அதிகமான ரத்தத்திலிருந்து குறைவான செல்லுக்குள் போகிறது, ஏடிபி வேண்டாம்.

கேள்வி: குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் பொடியில் பாதியை ஒரு டம்ளர் நீரில் கலந்து, ருசிக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் போட்டேன். தப்பா?

பதில்: தப்புதான். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கடிதம் வந்துகொண்டே இருக்கிறது. குடல் செல்லில், உணவு ஓடும் குழாயைப் பார்த்த பக்கத்து வாசலில் 2 சோடியமும் 1 குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன. அந்த வாசல் நேரடியாக ஏடிபியைச் செலவழிப்பதில்லை. ரத்தத்தை ஒட்டிய பக்கத்தில் பம்பு சோடியத்தை வெளியே தள்ளிக்கொண்டே இருப்பதால்தான் குளுக்கோஸுக்கு இழுவை கிடைக்கிறது. தண்ணீர் பின்னாலேயே வருகிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்தே நுழைகின்றன என்பதை 1960இல் முன்வைத்தவர் உயிர்வேதியியலாளர் ராபர்ட் கிரேன். காலரா நச்சு இந்த வாசலைக் கெடுப்பதில்லை. 1971இல் வங்காள அகதிகள் முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தபோது, 30 சதவீதம் அளவில் இருந்த சாவு 4க்கும் கீழே இறங்கியது.

இன்றைய ஓஆர்எஸ் கரைசலில் லிட்டருக்குச் சோடியம் 75, குளுக்கோஸ் 75 மில்லிமோல். சர்க்கரையைக் கூட்டினால் அது குடலிலேயே தங்கித் தண்ணீரை இழுக்கும், போக்கு அதிகமாகும். தண்ணீரைக் குறைத்தால் உப்பு ஏறும். பெரிய பாக்கெட் முழுவதும் 1 லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. மேலேயே அச்சிட்டிருக்கிறது, படியுங்கள். இனிப்புப் பானங்களை ஓஆர்எஸ் என்று பேர் போட்டு விற்க 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை போட்டது. எப்போதோ செய்திருக்க வேண்டும். குழந்தை சோர்ந்து, கண் குழிவிழுந்தால் கரைசல் கலக்க உட்காராமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

கேள்வி: நாளை பரீட்சை. செயல்மிகு கடத்தல் முழுவதையும் விளக்கவும்.

பதில்: பாடப்புத்தகம் அதற்குத்தான் இருக்கிறது.

கேள்வி: தண்ணீரையும் செல் பம்பு செய்யுமா?

பதில்: செய்யாது. உப்பு போகும் பக்கம் தண்ணீர் போகும். மறுபடியும்: திசை.

கேள்வி: வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் மருந்தைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டால் என்ன?

பதில்: முழுப் பலன் கிடைக்காது. இரைப்பையின் அமிலப் பம்பு, செல்லுக்குள் இருப்பதைவிடப் பத்து லட்சம் மடங்கு செறிவுக்கு எதிராக ஹைட்ரஜன் அயனியைத் தள்ளுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பம்பைத்தான் இந்த மருந்து அடைக்கும். அதைக் கிளப்பிவிடுவது சாப்பாடு. ரத்தத்தில் மருந்து சில மணி நேரமே இருக்கும். அதனால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போடுங்கள். மாதக்கணக்கில் தானாக வாங்கிப் போடுகிறவர் என்றால், முதலில் டாக்டரைப் பாருங்கள்.