'ஆம்புடேஷன்' (கை, காலை வெட்டி எடுப்பது), 'கம்ப்யூட்டர்' இரண்டுக்கும் வேர் ஒன்றா?

ஆமாம். இரண்டுக்கும் மூலம் 'புதாரே' என்ற லத்தீன் வினைச்சொல். அடிப்படைப் பொருள் சுத்தம் செய்தல். 'புதுஸ்' என்றால் சுத்தமான. திராட்சைத் தோட்டத்தில் 'புதாரே' கவாத்து செய்வதைக் குறித்தது. காய்த்து ஓய்ந்த கிளையை வெட்டிவிட்டால் புதுத் தளிரில் குலை வரும். சுற்றி வெட்டுவது 'ஆம்புதாரே'.

ரோமானியர் அதே சொல்லைக் கணக்குக்கும் வைத்துக்கொண்டார்கள்: 'ரத்தியோனெம் புதாரே', அதாவது கணக்கை நேர் செய்தல். மளிகைக்கடைப் பற்று நோட்டில் பணம் கட்டியவர் பெயரை அடித்துக்கொண்டே போனால் நிஜமான பாக்கி மட்டும் நிற்குமே, அந்த மாதிரி. சேர்த்துக் கணக்கிடுவது 'கொம்புதாரே'. கணக்கிலிருந்து 'நினைத்தல்' என்ற பொருளுக்கு ஒரு எட்டுதான். (நம்முடைய 'எண்ணு'வும் இரண்டையும் சுமக்கிறது!)

'கம்ப்யூட்டர்' இயந்திரத்துக்கென்றே பிறந்த சொல் அல்ல; 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் அது கணக்குப் போடும் ஆள்.