ஒரே இறக்கம், ஐந்து காலம்

அன்பின் அண்ணா,

உங்கள் கட்டுரையொன்றைப் படித்துவிட்டு, எஸ்தோனிய இசையமைப்பாளர் ஆர்வோ பேர்ட் எழுதிய ‘பெஞ்சமின் பிரிட்டன் நினைவாக’ என்ற கான்டுஸ் இசையைப் போனில் கேட்டேன். முற்றத்தில் ஓலை பின்னிக்கொண்டிருந்த அம்மம்மா கையை நிறுத்தி, “இது ஆற்றை செத்தவீடு?” என்று கேட்டார். நான் வயலின் பழகுகிறவன். பிரித்துப் பார்த்தால் மேலிருந்து இறங்கும் ஒரு ஸ்கேலும் (ஸ்வர வரிசை) ஒரு மணியும்தான் இருக்கின்றன. பிறகு ஏன் எனக்கும் தொண்டை அடைத்தது?

முள்ளியவளையிலிருந்து ஒரு வாசகர்

அன்பின் தம்பி,

அம்மம்மா சரியாகவே பிடித்துவிட்டார். ஆங்கிலேய இசையமைப்பாளர் பிரிட்டன் 1976 டிசம்பரில் இறந்தார். எஸ்தோனியாவில் இருந்த பேர்ட் அவரைச் சந்திக்க ஆசைப்பட்டிருந்தார், நடக்கவில்லை. 1977இல் தந்திக் கருவிகளுக்கும் ஒரு மணிக்குமாக இதை எழுதினார். முதலில் மௌனம், பிறகு மணி மூன்று தரம். செத்தவீட்டில் அடிக்கிற சேமக்கலம் கேட்டு வளர்ந்த காதுக்கு வேறு விளக்கம் வேண்டுமா?

சரி, ஒரு ஸ்கேல்தான். நமக்கு அது நடபைரவி ராகத்தின் அவரோகணம், இறங்குவரிசை. ஆனால் அது இறங்கும் விதத்தைப் பாருங்கள். முதலில் மேல் ஸ்வரம் மட்டும். திரும்ப மேலிருந்து இரண்டு ஸ்வரம், அப்புறம் மூன்று. ஒப்பாரி சொல்கிறவர்களும் “என்ர ராசா” என்று முதல் விளிப்புக்கே திரும்பி வந்துதான் அடுத்த சொல்லுக்குப் போவார்கள்.

நீங்கள் பயிற்சி வரிசைகளை மூன்று காலத்தில், அதாவது மூன்று வேகத்தில், பழகியிருப்பீர்கள், ஒன்றன்பின் ஒன்றாக. பேர்ட் ஐந்து காலத்தை ஒன்றாக ஓடவிடுகிறார். முதல் வயலின்களின் வேகத்தில் பாதி இரண்டாம் வயலின்களுக்கு, அதில் பாதி வியோலாவுக்கு, இப்படியே செலோவைத் தாண்டி, ஆகத் தாழ்ந்த குரலுள்ள கொன்ட்ரபாஸுக்கு வரும்போது வேகம் 16இல் ஒரு பங்கு. முன்னால் வந்து சேர்ந்தவர் தன் கடைசி ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களுக்காக நிற்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நான் ஒவ்வொரு முறையும் சிக்கிக்கொள்கிறேன். 2009இல் எங்கள் சித்தியை நந்திக்கடல் பக்கம் இழந்தோம். சங்கு, சேமக்கலம், எட்டு, அந்தியேட்டி என்று சாவுச் சடங்கு ஒன்றும் இல்லை. சித்தப்பா அந்த வருடமே அழுது ஓய்ந்தார். அம்மா முகாமிலும் அழவில்லை, காணிக்குத் திரும்பி வந்தும் அழவில்லை. 8 வருடம் கழித்து ஒரு பின்னேரம், கிணற்றடியில் வாளியை வைத்துவிட்டு அழத் தொடங்கினார். அதே சாவுதான், அம்மா ஆக மெதுவான கீழ்க்காலத்தில் இறங்கி வந்துகொண்டிருந்திருக்கிறார். சித்தப்பா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் போய் நின்றார்.

முடிவில் தந்திகள் முழுச் சத்தத்தில் நின்று சட்டென்று அறுந்துவிடுகின்றன. சற்று முன் மெல்ல அடித்த மணியின் ரீங்காரம் மட்டும் மிஞ்சும். அதில் அந்தர காந்தாரம், காந்தார ஸ்வரத்தின் உயர்ந்த வகை, கேட்கும்! அதுவரை வந்தது முழுக்க அதைவிடத் தாழ்ந்த ‘சாதாரண காந்தாரம்’. இதை அங்கே யாரும் வாசிக்கவில்லை, மணியின் உலோகத்திலிருந்து தானாக வருகிறது.

போன் ஸ்பீக்கரில் கொன்ட்ரபாஸ் சரியாகக் கேட்காது, தம்பி. யாரிடமாவது நல்ல ஸ்பீக்கர் வாங்கி, அம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி இன்னொரு தரம் போடுங்கள். தந்திகள் நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.