9,000 ரூபாய் கட்டி இலக்கு எழுத வேண்டாம்

கேள்வி: எனக்கு 27 வயது, தண்டையார்பேட்டை. ஐடிஐ வெல்டர் முடித்துவிட்டு மணலியில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கிறேன். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறும். ஒவ்வொரு ஜனவரியிலும் எதையாவது தொடங்குவேன், பொங்கல் தாண்டாது. பத்தாண்டு வாழ்க்கை இலக்கு வகுக்க இரண்டு நாள் முகாம் நடக்கிறதாம், கட்டணம் 9,000. மூன்று பேரைச் சேர்த்துவிட்டால் பணம் திரும்பி வந்துவிடும் என்கிறார் கூட வேலை செய்யும் அண்ணன். சேரலாமா?

பதில்: சேர வேண்டாம், தம்பி. அந்த மூன்று பேர் விஷயத்தை முதலில் பேசிவிடுவோம், இலக்கைவிட அதுதான் அவசரம். ஆள் சேர்த்தால் பணம் என்கிற ஏற்பாட்டைத் தடை செய்து 1978-லேயே மத்திய அரசு சட்டம் போட்டுவிட்டது. சேர்த்துவிட்டவரும் அதில் மாட்டுவார். நாளைக்கு முகாம்காரர் போனை அணைத்துவிட்டுப் போய்விட்டால், அந்த மூன்று பேரும் உங்கள் வீட்டு வாசலில்தான் வந்து நிற்பார்கள். ஒரே தெருக்காரர்களிடம் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டு என்ன இலக்கை எட்டப்போகிறீர்கள்?

இப்படிப்பட்ட இடங்களில் ‘பர்மனென்ட் போட்டுத் தருகிறேன், ஒரு லட்சம் ஆகும்’ என்று காதோடு பேசுகிறவர்களும் இருப்பார்கள். அப்ரண்டிஸ் பயிற்சியையே வேலைக்கான வாசல் என்று விற்பார்கள். பயிற்சி முடித்தவரை வேலைக்கு எடுத்தே ஆகவேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் அப்ரண்டிஸ் சட்டம் நிறுவனத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பொதுத்துறை வேலைக்கு அறிவிக்கை வரும், தேர்வு வரும், நடுவில் ஆள் வரமாட்டார். ஒரிஜினல் சர்டிபிகேட்டை யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள், ஜெராக்ஸ் போதும்.

சரி, இலக்குக்கு வருவோம். ‘பெரிய ஆளாக வேண்டும்’ என்பது இன்று ராத்திரி என்ன செய்வது என்று சொல்லாது. 37 வயதில் என் கைக்கு என்ன வேலை தெரிந்திருக்க வேண்டும் என்று கேளுங்கள். வெல்டருக்கு நான் சொல்வது பாய்லர் வெல்டிங். 6ஜி என்பார்களே, 45 டிகிரி சாய்த்துப் பிடித்த பைப் அசையாது, வெல்டர்தான் அதைச் சுற்றி வளைந்து குனிந்து பற்றவைக்க வேண்டும். பற்றவைத்த இடத்தை வளைத்துப் பார்ப்பார்கள், எக்ஸ்ரே எடுப்பார்கள். அதற்கான ஐபிஆர் (இந்திய பாய்லர் விதிமுறைகள்) சான்றிதழ் அரசின் கொதிகலன் துறை வழியாக வருவது, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ‘ஐபிஆர் சர்டிபிகேட் நாங்களே தருகிறோம்’ என்று ஒரு சென்டர் சொன்னால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். முதல் வருடம் டிக் வெல்டிங்கில் (டங்ஸ்டன் முனையில் வாயுவின் பாதுகாப்பில் பற்றவைப்பது) கை பழகட்டும், மற்றதை அப்புறம் பார்க்கலாம்.

இன்னொன்று பிஎஃப். கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது யுஏஎன் (பிஎஃப்பின் நிரந்தரக் கணக்கு எண்) போட விடாதீர்கள், ஆளுக்கு ஒரு எண்தான். பத்து வருட சர்வீஸ் இருந்தால்தான் பென்ஷன். ஒரே கேட்டுக்குள் வருடக்கணக்காக உழைத்தவரை, கான்ட்ராக்டர் மாறியதும் புது ஆளாக எழுதிக்கொள்கிறார்கள். ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் வந்தது 1970-ல். அதை ஒழுங்காக நடத்த வேண்டியவர்கள் இத்தனை வருடமும் நடத்தாமல் இருந்துவிட்டார்கள். இப்போது ‘உன்னை நீயே வழிநடத்திக்கொள்’ என்று தொழிலாளிக்கு வகுப்பெடுக்கிறார்கள். எனக்கு ஆத்திரமாக வருகிறது.

பொங்கல் தாண்டாததற்குக் காரணம் உங்கள் சோம்பேறித்தனம் இல்லை. ‘தினமும் காலை 5 மணிக்கு எழு’ என்பது ஷிஃப்ட் மாறாதவர்களுக்கான யோசனை. சி ஷிஃப்ட் முடித்து விடியற்காலை வருகிறவருக்கு அது தண்டனை. அதனால் நேரத்தோடு கட்டாதீர்கள், தவறாமல் நடக்கிற ஒரு காரியத்தோடு கட்டுங்கள். ஏ ஷிஃப்டோ பி ஷிஃப்டோ, வேலைக்குக் கிளம்பு முன் குளிப்பீர்கள் இல்லையா? குளித்து முடித்ததும் இருபது நிமிடம் பாடம். ராத்திரி வேலை என்றால் சாயங்காலம் குளித்த பிறகு அதே இருபது நிமிடம். ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு கட்டி வைத்தவர்கள் காரியத்தை முடிப்பது அதிகம் என்பதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1990-களிலேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஓவர்டைம் போட்டு 16 மணி நேரம் நின்ற அன்று மட்டும் பாடம் வேண்டாம், தூங்குங்கள். அதைத் தோல்வியாகக் கணக்கில் எழுதாதீர்கள். மறுநாள் குளித்ததும் உட்கார்ந்துவிட்டால் போதும். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விட்டுப்போனால் இருபதைப் பத்தாகக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம்.

அந்த 9,000-த்தை முகாமுக்குக் கொடுக்காமல் எலக்ட்ரோடுக்கும் ஃபில்லர் ராடுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலையிடத்திலேயே 6ஜி போடுகிற மூத்த வெல்டர் இருப்பார். ‘லீவு நாளில் உங்கள் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறேன் அண்ணே’ என்று இந்த வாரமே கேளுங்கள்.