வாசகர் கேள்வி: பச்சையம் ஏன் பழுப்பாகிறது?

கேள்வி: கடல்நீரை வடிகட்டி, வடிதாளை 90 சதவீத அசிட்டோனில் ஊறவைத்துப் பச்சையத்தை அளக்கிறோம். போன முறை பச்சையாக வந்த சாறு இந்த முறை பழுப்பாக இருக்கிறதே?

பதில்: முதலில் கண்ணாடிக் குழாய்களைச் சந்தேகப்படுங்கள். பச்சைய மூலக்கூறின் நடுவில் ஒரு மெக்னீசியம் அணு இருக்கிறது. அமிலத்தில் கழுவிச் சரியாக அலசாத குழாயில் ஒட்டியிருக்கும் துளி அமிலமே அதைக் கழற்றிவிடும். மிஞ்சுவது பழுப்பு நிறப் பியோஃபைட்டின். இதைத் தடுக்கத்தான் வடிகட்டி முடிக்கும் தறுவாயில் மெக்னீசியம் கார்பனேட் கரைசலைச் சில சொட்டு விடுவார்கள்.

ஆனால் நிறத்தை மட்டும் நம்பி முடிவு கட்டாதீர்கள். டயாட்டம் என்ற நுண்பாசி மிகுந்த நீரென்றால், அதன் நிறமியான பியூகோசாந்தின் கலந்து சாறு இயல்பாகவே மஞ்சளோடும். 3 மி.லி. சாறு எவ்வளவு ஒளியை உறிஞ்சுகிறது என்று 664 நானோமீட்டர் அலைநீளத்தில் அளந்து, 0.1 நார்மல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 0.1 மி.லி. விட்டு, 90 விநாடி கழித்து 665-இல் அளவுங்கள். இரண்டிலும் 750-இன் அளவைக் கழித்துவிட்டு முன்னதைப் பின்னதால் வகுத்தால், நல்ல பச்சையத்துக்கு 1.7 வரும். 1-ஐ நெருங்கினால் பச்சையம் கெட்டுவிட்டது.

வெளிச்சமும் எதிரிதான். ஊறவைக்கும்போது குழாயை அலுமினியத் தாளில் சுற்றி 4 டிகிரியில் வையுங்கள். பாலிஸ்டைரீன் குழாய் வேண்டவே வேண்டாம், அசிட்டோனில் கரையும்.

கேள்வி: டிரைக்கோடெஸ்மியம் என்ற நீலப்பச்சைப் பாசி படர்ந்த நீரை வாளியில் வைத்திருந்தோம். மறுநாள் நீர் இளஞ்சிவப்பாகிவிட்டது. அசிட்டோன் சாற்றில் மட்டும் அந்தச் சிவப்பைக் காணோமே, ஏன்?

பதில்: அந்தச் சிவப்பு ஃபைகோஎரித்ரின். புரதத்தோடு பிணைந்த நிறமி. நீரில் கரையும், அசிட்டோனில் கரையாது. மரத்தூள் தூவியதுபோல மிதக்கும் இழைகள் செத்து உடைந்ததும், அது நீரில் கசிந்துவிடுகிறது. அசிட்டோனில் போட்டாலோ புரதம் திரைந்து வடிதாளிலேயே தங்கிவிடும்.

எனவே ஒரே நீரை இரண்டு தாளில் வடிகட்டுங்கள். ஒன்று அசிட்டோனுக்கு. மற்றதை நடுநிலைக்கு அருகிலுள்ள பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசலில்) போட்டு, உறையவைத்து உருக்குவதை மூன்று நான்கு முறை செய்யுங்கள். செல் உடைந்து சிவப்பு இறங்கும். சீக்கிரம் முடிக்க வேண்டுமென்று சூடுகாட்டாதீர்கள். புரதம் சிதைந்தால் நிறமும் வெளிறிவிடும். மையவிலக்கியில் சுழற்றித் தெளிந்த நீரை 550 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் பாருங்கள், ஒளி உறிஞ்சலின் உச்சம் அங்கேதான் இருக்கும்.