பேச்சில் புலி, வேலையில்?

கேள்வி: 15 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுத்தேன். நேர்முகத் தேர்வில் வெளுத்து வாங்கியவர், மூன்றே மாதத்தில் சோடை போனார். அவருக்கு முன் இருந்தவரும் அப்படித்தான். நல்ல ஆட்கள் விண்ணப்பிப்பதே இல்லை. அடுத்த முறை, கையெழுத்தைப் பார்த்துக் குணம் சொல்லும் நிபுணர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த விளம்பரத்தை முதலில் படித்தேன். 'துடிப்பான, பொறுப்புள்ள கணக்காளர் தேவை. தகுதிக்கேற்ற ஊதியம்.' தன்னைத் துடிப்பில்லாதவர் என்று யார் நினைக்கப்போகிறார்கள்? வேலை தேடும் எல்லோரும் இதற்கு விண்ணப்பிப்பார்கள். தொழில் தெரிந்து, இப்போது வேறோர் இடத்தில் நிம்மதியாக இருப்பவர் மட்டும் பக்கத்தைப் புரட்டிவிடுவார். உங்களுக்கு வேண்டியவரோ அவர்தான். சேர்ந்த முதல் ஆறு மாதத்தில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும், யாருக்குக் கீழ் வேலை, சம்பளம் எவ்வளவு என்று எழுதுங்கள். சம்பளத்தை மறைத்தால், கடைசியில் பேரம் படியாமல் இரு தரப்பின் நேரமும் வீணாவதுதான் கண்ட பலன்.

ஊழியர்களிடமும் சொல்லி வையுங்கள். ஆனால் அதையே முழுதாக நம்பினால், இருப்பவர்களைப் போன்றவர்களே வந்து சேர்வார்கள். போன முறை நூலிழையில் வாய்ப்பை இழந்தவரை மறுபடி கூப்பிட்டுப் பார்த்தீர்களா?

நேர்முகத் தேர்வுக்கு வருவோம். 'வெளுத்து வாங்கினார்' என்கிறீர்களே, எதில்? பேச்சில். ஒருவரிடம் ஒரு குணம் பிடித்துவிட்டால், மற்ற நல்ல குணங்களும் இருப்பதாக நம் மனமே நிரப்பிக்கொள்கிறது. ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களுக்கு மதிப்பெண் போட்ட விதத்தை வைத்து, உளவியலாளர் எட்வர்ட் தார்ண்டைக் 1920-இலேயே இதை எழுதிவிட்டார். இன்றும் நாம் 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று ஆரம்பித்து அதே பள்ளத்தில் விழுகிறோம். அந்தக் கேள்விக்கு எல்லோரும் மனப்பாடம் செய்த பதிலோடுதான் வருகிறார்கள்.

எல்லோரிடமும் ஒரே கேள்விகளை, ஒரே வரிசையில் கேளுங்கள். நடந்ததைக் கேளுங்கள்: 'கடைசியாகக் கணக்கு உதைத்தபோது என்ன செய்தீர்கள்?' பதில் 'நாங்கள் சரிபார்த்தோம்' என்று வந்தால் விடாதீர்கள். அதில் அவர் பங்கு என்ன, முதலில் எந்தப் பதிவைத் திறந்தார், யாரிடம் போய்ச் சொன்னார்? உண்மையில் செய்தவருக்கு விவரம் ஊற்றெடுக்கும். செய்யாதவர் மூன்றாவது கேள்வியில் பொதுப்படையாகப் பேசத் தொடங்கிவிடுவார். ஒவ்வொரு பதிலுக்கும் அப்போதே மதிப்பெண் எழுதுங்கள். உடன் இருப்பவரும் தனியாக எழுதட்டும். முதலாளி முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்கள் ஆமாம் சாமி போடுவார்கள்.

இது என் சொந்தச் சரக்கு அல்ல. பணியாளர் தேர்வு முறைகள் பற்றிய பழைய ஆய்வுகளைத் திரட்டி, 2022-இல் உளவியலாளர் பால் சாக்கெட்டும் அவர் குழுவினரும் மறுகணக்குப் போட்டபோது, இப்படித் திட்டமிட்டு நடத்தும் நேர்முகம்தான் முதலிடத்தில் வந்தது. 'எத்தனை வருட அனுபவம்' என்று நாம் பெரிதாகப் பார்க்கிறோமே, அது அடிமட்டத்தில் கிடந்தது.

அடுத்து, கொஞ்சம் வேலை கொடுத்துப் பாருங்கள். 20 ரசீதுகள், ஒரு வங்கிக் கணக்கு அறிக்கை, ஒரு மணி நேரம். ஒரு ரசீதின் நகலையும் கட்டில் சேர்த்துவிடுங்கள். இன்னொன்றில் தேதி இருக்கக் கூடாது. ஒருவர் தேதியில்லாத ரசீதுக்குத் தாமாகவே ஒரு தேதியைப் போட்டு, வேகமாக முடித்துக் கொடுப்பார். கணக்கும் பார்க்க அழகாக இருக்கும். எனக்கு அவரைக் கண்டால்தான் பயம். இன்னொருவர் அதைத் தனியே எடுத்து வைத்துவிட்டு, 'இதை யாரிடம் கேட்க வேண்டும்?' என்பார். நேர்முகத்தில் திக்கித் திணறியவராகக்கூட அவர் இருக்கலாம். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீளும் சோதனை என்றால் கூலி கொடுத்துவிடுங்கள். உங்கள் அலுவலகத்தில் தேங்கிக் கிடக்கும் நிஜ வேலையைச் சோதனை என்ற பெயரில் இலவசமாக முடித்துக்கொள்வது அநியாயம்.

கல்யாணம், குழந்தை பற்றிய கேள்விகள் வேண்டாம். பல நாடுகளில் அவை சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். கணக்கு எழுதுவதற்கும் அவற்றுக்கும் சம்பந்தமும் இல்லை. முன்பு வேலை பார்த்த இடத்தில் விசாரிக்க அவரிடம் அனுமதி வாங்குங்கள். அங்கே 'இவரை மறுபடி சேர்த்துக்கொள்வீர்களா?' என்ற ஒரு கேள்வி போதும். பதில் எவ்வளவு தயங்கி வருகிறது என்று கவனியுங்கள். முடிவெடுத்தபின் இழுத்தடிக்காதீர்கள். நல்ல ஆளுக்கு இன்னோர் இடத்திலிருந்தும் அழைப்பு வந்திருக்கும்.

கையெழுத்து நிபுணரா? வேண்டவே வேண்டாம். உளவியலாளர்கள் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹன்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-இல் வெளியிட்ட பட்டியலில், வேலைத் திறனைக் கணிப்பதில் கையெழுத்துக்குக் கிடைத்த மதிப்பு கிட்டத்தட்டப் பூஜ்ஜியம். அவருக்குக் கொடுக்க நினைத்த பணத்தைச் சோதனை வேலைக்கு வருபவர்களுக்குக் கொடுங்கள்.