தோட்டாவை நாமே நிரப்பினால் பணம் மிச்சமாகுமா?

வணக்கம். டெக்சாஸில் இருக்கும் உங்கள் மைத்துனர், சுட்ட தோட்டாக் கூடுகளில் மீண்டும் வெடிமருந்து நிரப்பும் கருவியை வாங்கப்போவதாகவும், அது சிக்கனமா வீண்செலவா என்று மன்னார்குடியில் வீட்டார் கவலைப்படுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அங்கே வேலையில் இருந்த காலத்தில் நானும் அதைச் செய்தவன். இப்போது கும்பகோணத்தில் இருக்கிறேன்.

அவர் சுடுவது 9 மி.மீ. கைத்துப்பாக்கி என்றால் மிச்சம் சொற்பமே, ஏனெனில் ஆலையில் செய்த தோட்டாவே மலிவாகக் கிடைக்கிறது. நெடுந்தூரம் குறிவைக்கும் .308 ரைஃபிள் என்றால், விலை கூடிய பகுதியான பித்தளைக் கூட்டைப் பலமுறை பயன்படுத்தலாம் என்பதால் கணக்கு மாறும். ஒரு பவுண்டு மருந்து 7,000 கிரெய்ன்; .308க்கு ஒன்றுக்கு 40 கிரெய்னுக்கு மேல் தேவைப்படுவதால் ஏறத்தாழ 160 தோட்டாக்கள் தேறும். ஒரு கிரெய்ன் என்பது குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி எடை. அதிலும் பத்தில் ஒரு பங்கு கூடாமல் குறையாமல் தராசில் நிறுத்து, எந்தக் கூட்டிலும் மருந்து இருமுறை விழவில்லை என்று விளக்கொளியில் ஒவ்வொன்றாகப் பார்த்த இரவுகளை நான் மிகவும் நேசித்தேன். ஆனால் மிச்சமான பணம் கையில் நிற்கவில்லை. நூறு சுட்ட இடத்தில் இருநூறு சுட்டேன். ஆகவே பொழுதுபோக்கென்றே எண்ணி வாங்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் அவரிடம் உறுதியாகச் சொல்லிவிடுங்கள்: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி இங்கே உரிமமின்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். ஊருக்கு வரும்போது பெட்டியில் ஒரு தோட்டாகூடத் தங்கிவிடாதபடி அவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.